பகடையும் எதிரே ஓர் ஆளும்: பேக்கமன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசை இருக்கிறது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அதன்மேல் பேக்கமன் பலகையை விரிப்போம். நான் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

அங்கிள், இது தாயமா?

தாயத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், ஆளுக்கு 15 காய், பலகையில் 24 முக்கோணக் கட்டங்கள், ஆறு முகமுள்ள இரண்டு பகடை. நீங்கள் ஒரு பக்கமாகவும் எதிராளி மறுபக்கமாகவும் காய்களை நகர்த்தி, தத்தம் வீட்டுக் கட்டங்களுக்குக் கொண்டுபோய், பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். முதலில் எல்லாக் காயையும் எடுத்தவர் வென்றார்.

தாயம் ஆடியவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். தனியாக நிற்கும் காயை வெட்டலாம். வெட்டுப்பட்டது நடுவில் உள்ள கட்டைமேல் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்து நின்றால் எதிராளி அங்கே இறங்க முடியாது. வெளியே எடுத்த காயை நாங்கள் ‘பழம்’ என்றே சொல்கிறோம். காய் இறங்கத் தாயம் விழட்டும் என்று இங்கே காத்திருக்க வேண்டியதில்லை, எல்லாக் காயும் தொடக்கத்திலேயே பலகையில் இருக்கும். இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடலாம்.

இந்தக் குடும்பத்து விளையாட்டுகளுக்கு வயது அதிகம். ஈரானில் ஷஹர்-எ சூக்தே என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பலகையும் காய்களும் கிடைத்தன. இந்திய அரசர் ஒருவர் சதுரங்கத்தை அனுப்பி ‘இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடி’ என்று சவால் விட்டதாகவும், பாரசீக அமைச்சர் புசுர்க்மிஹ்ர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, பதிலுக்கு ‘நர்து’ என்ற பகடை ஆட்டத்தை உருவாக்கியதாகவும் பாரசீகத்தில் ஒரு பழங்கதை உண்டு. அந்த நர்துதான் பேக்கமனின் மூத்த வடிவம். துருக்கிக்காரர்கள் இதைத் தாவ்லா என்பார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு துருக்கிக்காரர்தான். செம்பவாங்கில் பழுதுபார்க்க வந்த கப்பலின் என்ஜினியர். உதிரிபாகம் வரும்வரை மூன்று நாள் அவருக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை.

மூளைக்கு நல்லது என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் அடித்துச் சொல்கிற அளவுக்கு இல்லை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003ல் வெளிவந்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு முதுமைமறதி வந்தது குறைவு. பிரான்ஸில் நடந்து 2013ல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது: 3,675 முதியவர்கள், 20 ஆண்டுகள். பலகை விளையாட்டு ஆடியவர்களுக்கு முதுமைமறதி வரும் ஆபத்து 15 விழுக்காடு குறைவாகத் தெரிந்தது.

செய்தி பகிர்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. தொடக்கத்திலேயே ஒவ்வொருவரின் நினைவாற்றல் எப்படி இருந்தது, மனச்சோர்வு இருந்ததா என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். சேர்த்ததும் அந்த 15 விழுக்காட்டை உறுதியாகச் சொல்ல முடியாமல் போயிற்று. ஆட்டம் நினைவைக் காத்ததா, அல்லது நினைவு நன்றாக இருந்தவர்கள்தான் ஆட வந்தார்களா?

இதை எங்கள் மேசையிலேயே பார்த்தேன். ஒருவர் வாரம் தவறாமல் வருவார். திடீரென்று ‘கண்ணாடி மாற்றணும்’ என்று சொல்லி நின்றுவிட்டார். பல மாதம் கழித்து மின்தூக்கியில் அவர் மகளைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: அப்பாவுக்கு எண்ணிக்கை தவறுகிறதாம், எல்லார் முன்னாலும் வெட்கமாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருக்கிறாராம். இவரைக் கணக்கெடுக்க யாராவது வந்திருந்தால் ‘ஆடாதவர், ஆகவே மறதி வந்தது’ என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். நடந்தது நேர் எதிர்.

சரி, அதே பிரெஞ்சு ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது: ஆடியவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வந்தது குறைவு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பலகை மூளையைத் தீட்டுகிறதோ இல்லையோ, ஆளை வீட்டைவிட்டுக் கீழே இறங்க வைக்கிறது.

அப்படியானால் முதுமைமறதி வராமல் தடுக்குமா?

அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, காது கேளாமை, கண்பார்வைக் குறை, தனிமை, உடலுழைப்பின்மை என்று கவனித்துச் சரிசெய்யக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் பட்டியலிட்டது. அதில் பகடை இல்லை, தனிமை இருக்கிறது. காதுக் கருவி வாங்கித் தந்தும் அதை அலமாரியில் வைத்திருக்கும் பெரியவரை முதலில் அதைப் போடச் சொல்லுங்கள், பிறகு ஆட்டத்துக்குக் கூட்டிவாருங்கள்.

சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுமைமறதி இருப்பதாக மனநலக் கழகம் 2013ல் நடத்திய ஆய்வு சொன்னது. பத்து ஆண்டு கழித்து அது 8.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அந்தக் குறைவுக்குப் பேக்கமன் காரணமில்லை என்று நான் எழுதிக் கொடுக்கத் தயார்.

பகடை விழுகிறபடிதானே ஆட்டம்? இதில் மூளைக்கு என்ன வேலை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது, பதில் கொஞ்சம் நீளும்.

உங்கள் காய் ஒன்று தனியாக நிற்கிறது. எதிராளியின் காய் ஆறு கட்டம் தள்ளி நிற்கிறது. இரண்டு பகடை 36 விதமாக விழலாம். ஏதாவது ஒரு பகடையில் ஆறு விழுந்தால் உங்கள் காய் வெட்டு, அது 11 விதம். ஒன்று-ஐந்து, இரண்டு-நான்கு, இரட்டை மூன்று என்று கூட்டி ஆறாவது 5 விதம். இரட்டை இரண்டு விழுந்து மூன்று தாவு தாவினாலும் வெட்டு. ஆக வழி அடைபடாதவரை 36ல் 17, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அதே காயை ஒரே ஒரு கட்டம் பின்னால், ஏழு தள்ளி வையுங்கள். இப்போது 36ல் வெறும் 6. ஒரு கட்டத்தில் ஆபத்து மூன்றில் ஒரு பங்காகிறது. பகடை யார் சொன்னாலும் கேட்காது, ஆனால் காயை எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில்.

இந்தக் கணக்கு பழகிய பிறகு மனதில் ஒன்று பிரிய ஆரம்பிக்கிறது: முடிவு சரியாக எடுத்தேனா என்பது வேறு, பலன் நன்றாக வந்ததா என்பது வேறு. ஏழு தள்ளி வைத்தும் வெட்டுப்படலாம். அப்போதும் வைத்த இடம் சரிதான். 1979ல் மோன்டி கார்லோவில் ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல், உலக சாம்பியன் லுயிஜி வில்லாவை 7க்கு 1 என்று தோற்கடித்தது. உலகமே கணினியைப் புகழ்ந்தது. பெர்லினரோ ஆட்டத்தை உட்கார்ந்து ஆராய்ந்துவிட்டு, நன்றாக ஆடியவர் வில்லா, என் நிரலுக்குப் பகடை கைகொடுத்தது என்று ஒப்புக்கொண்டார். வென்றபிறகு அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு விளையாட்டில் தேறினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறுகிறோம். பேக்கமன் ஆடுவதால் சாவியை வைத்த இடம் ஞாபகம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் போன வாரம்கூடத் தேடினேன்.

தோற்றால் எனக்குக் கோபம் வருகிறது. இது உடம்புக்கு நல்லதா?

நல்லதில்லை, ஆனால் பழகிக்கொள்ள இதைவிட மலிவான இடம் கிடையாது. சதுரங்கத்தில் தோற்றால் பழி முழுக்க நம் தலைமேல். இங்கே பகடையைத் திட்டலாம். நாங்கள் வைத்திருக்கும் விதி: பகடையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, எதிராளியைத் திட்டாதே. ஒரு ஆட்டம் பத்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம். நெஞ்சு படபடக்கிற அளவுக்குப் போனால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மறக்க வேண்டாம், அதற்கு இது மாற்று இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொல்லிக்கொடுக்கலாம்?

ஆறேழு வயதில் எண்ணத் தெரிந்தால் போதும். தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் காய்கள் வீட்டைக் கடந்து வெளியேற மொத்தம் 167 அடி நகர வேண்டும். ‘தாத்தாவுக்கு இன்னும் எத்தனை, உனக்கு எத்தனை?’ என்று கேட்டால் பிள்ளை பெருக்கிக் கூட்டும். துணைப்பாட வகுப்பு மாதிரி இருக்காது.

எனக்குக் கிடைத்த லாபம் வேறு. என் பேத்தி வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவாள், தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில். பலகைமுன் உட்கார்ந்தால் தமிழில்தான் எண்ண வேண்டும் என்று சொல்லி வைத்தேன். இப்போது ‘ஆறு-அஞ்சு, தாத்தா, ஓடு!’ என்று கத்துகிறாள். தொண்ணூறும் தொள்ளாயிரமும் இன்னும் குழப்பம்தான். அது பல பெரியவர்களுக்கும் குழப்பம்தானே.

பக்கவாதம் வந்த கைக்குப் பயிற்சியாக இருக்குமா?

காயை இரு விரலால் எடுப்பது, நகர்த்துவது, குவளையில் பகடையைக் குலுக்குவது எல்லாம் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல வேலைதான். ஆனால் எந்தக் கை, எவ்வளவு நேரம் என்பதைக் கைப்பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்குத் தடிமனான பெரிய காய் வசதி. பார்வை மங்கியவர்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாக வாங்குங்கள். பழுப்பும் சிவப்புமாக அழகாக விற்கிறார்கள், கீழ்த்தள வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அப்பாவுக்கு ஏற்கெனவே மறதி வந்துவிட்டது. இனி ஆட முடியாதா?

முடியும், விதிகளைக் கழற்றிவிட்டால். நான் சொன்னேனே, கண்ணாடிச் சாக்குச் சொன்னவர், அவரை மகளிடம் பேசித் திரும்பக் கூட்டிவந்தோம். முழு ஆட்டம் இல்லை. காய்களை வீட்டுக் கட்டங்களில் அடுக்கிவிடுவோம். பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் காயை வெளியே எடுப்பது மட்டும்தான். சில நாள் அதுவும் தவறும். நான்கு விழுந்தால் ஆறாவது கட்டத்தில் கை வைப்பார். யாரும் திருத்துவதில்லை. ஆரம்பத்தில் நான் திருத்தினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஆடவில்லை. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். ஒரு காயை எடுத்ததும் ‘பழம்!’ என்று அவர் சொல்கிற குரலில் பழைய ஆள் அப்படியே இருக்கிறார்.

களைப்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். காலையிலோ பிற்பகலின் தொடக்கத்திலோ ஆடுவது பலருக்கு ஒத்துவருகிறது, பொழுது சாயும்போது குழப்பம் கூடுகிறவர்கள் உண்டு. எங்கள் நான்கு மணியை இவருக்காகவே மூன்றரை ஆக்கியிருக்கிறோம்.

கைப்பேசியில் தனியாக ஆடினால் அதே பலன் கிடைக்குமா?

ஆட்டம் தேறும். 1992ல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல் தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடிக் கற்றுக்கொண்டது. அதைப் பார்த்துத் தேர்ந்த ஆட்டக்காரர்களே தொடக்க நகர்வுகளை மாற்றிக்கொண்டார்கள். இன்றைய செயலிகளிடம் ஒரு நகர்வு சரியா தவறா என்று கேட்டுக் கற்கலாம். ஆனால் செயலி ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்காது, இரண்டு வாரம் நீங்கள் வராவிட்டால் கதவைத் தட்டாது. இரவு படுக்கையில் ஆடுவதும் வேண்டாம். ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்று மணி இரண்டாகிவிடும்.

பணம் வைத்து ஆடினால் சுவாரஸ்யமாக இருக்குமே?

இருக்கும். அதுதான் சிக்கல். பந்தயத்தை 2, 4, 8 என்று 64 வரை இரட்டிக்க ஒரு கட்டையே இந்த ஆட்டத்தில் உண்டு, 1920களில் நியூயார்க்கில் சேர்ந்தது. நாங்கள் அதைப் புள்ளிக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். தருமர் நாட்டை இழந்த கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் நாம், இதற்குமேல் விளக்க வேண்டாம். தவிர, கீழ்த்தளம் பொது இடம், அங்கே பணம் வைத்து ஆடுவது இங்கே சட்டப்படி குற்றம்.

ஒரு மருத்துவ விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மருந்துகள் சிலருக்குச் சூதாட்ட வேட்கையைத் தூண்டிவிடும். அதுவரை நாலு நம்பர் சீட்டுகூட வாங்காத மனிதர் திடீரென்று பந்தயம் தேடினால், குணம் கெட்டுவிட்டது என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. சூதாட்டப் பழக்கம் கைமீறிப்போனால் தேசிய உதவித் தொலைபேசி 1800-6-668-668.

மணிக்கணக்கில் உட்கார்வது கெடுதல் இல்லையா?

கெடுதல்தான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற உடற்பயிற்சி தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பகடை குலுக்குவது சேராது. இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறோம், தோற்றவர் காப்பிக்கடைக்குப் போய்த் தேநீர் வாங்கிவருகிறார். உட்கார்ந்தபடி கெட்டிப்பால் தே தாரிக் மூன்று குடித்தால் ஆட்டத்தில் கிடைத்ததெல்லாம் சர்க்கரையில் போய்விடும். இப்போது எங்கள் மேசையில் பாலும் சர்க்கரையும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ தான். முதல் மாதம் கசந்தது.

சத்தம் அதிகமாமே?

ஆமாம். வீட்டில் ஆடினால் பலகைமேல் துணியோ கார்க்கோ ஒட்டிக்கொள்ளுங்கள், காதுக் கருவி போட்டவர்களுக்கும் அது நிம்மதி. மேல்வீட்டில் யாரோ கோலி உருட்டுகிறார்கள் என்ற புகார் வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் காலங்காலமாக உண்டு. நீங்கள் தரையில் பகடையைப் போட்டு அதற்கு ஆதாரம் கொடுக்காதீர்கள்.

பெண்கள் வருவதில்லையே?

முதல் ஒரு வருடம் வரவில்லை, தப்பு எங்களுடையது. ஐந்து ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தால் யார் வருவார்? மூன்றாம் மாடி அக்கா ஒருவர் காய்கறிப் பையோடு நின்று, ‘அதை ஏன் அங்கே வைக்கிறீங்க, வெட்டுப்படுமே’ என்றார். உட்காரச் சொன்னோம். சின்ன வயதில் பல்லாங்குழி ஆடிய கை, கட்டங்களை விரல் வைத்து எண்ணுவதே இல்லை, ஒரு பார்வைதான். இப்போது அவர் தோழிகளோடு செவ்வாய்க்கிழமை தனி மேசை நடத்துகிறார். எங்களை அழைப்பதில்லை.

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளும் ஆடலாமா?

தாராளமாக. தேக்காவில் ஞாயிறு சந்தித்த சிவகங்கைத் தம்பிகள் இருவருக்கு அட்டையில் வரைந்து கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள், தாயம் ஆடிய ஊர்க்காரர்களாயிற்றே. வேலை முடிந்து படுக்கையில் கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் கிடப்பதைவிட இது மேல் என்று அவர்களே சொன்னார்கள். பணம் மட்டும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

ஆரம்பிக்க என்ன வேண்டும்?

அட்டையில் 24 முக்கோணம் வரையுங்கள், பக்கத்துக்குப் பன்னிரண்டு. பாட்டில் மூடி இரண்டு நிறத்தில் பதினைந்து பதினைந்து, பரமபதப் பெட்டியிலிருந்து இரண்டு பகடை. பிடித்துப்போனால் பலகை வாங்கலாம். ஆள் கிடைக்காதவர்கள் பக்கத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்திலோ சமூக மன்றத்திலோ கேட்டுப் பாருங்கள். பேக்கமன் இல்லையென்றால் பலகையை நீங்களே கொண்டுபோங்கள், வேடிக்கை பார்க்க ஒருவராவது வருவார். கட்டங்களைக் காய் வெளியேறும் முனையிலிருந்து எண்ணுங்கள்; முதல் உருட்டில் மூன்றும் ஒன்றும் விழுந்தால் எட்டாம் கட்டத்திலிருந்து ஒரு காய், ஆறாம் கட்டத்திலிருந்து ஒரு காய், இரண்டையும் ஐந்தாம் கட்டத்தில் சேர்த்துவிடுங்கள். என் துருக்கிக்காரர் சொல்லித்தந்த முதல் நகர்வு அது, கணினிகளும் இன்றுவரை அதையே ஆடுகின்றன.